ஈரக் கழிவு

நூத்தி நாப்பத்தோராம் வாக்குச்சாவடி,
மூணாங் கிளாசு, குட்டிப் பெஞ்சு.
மாதிரி ஓட்டு அம்பது போட்டு
அழிச்சுக் காட்டுறப்பவே வந்து உக்காந்துட்டேன்.
கட்சிக் கரைச் சேலை இன்னைக்கு ஆகாதாம்,
கல்யாணச் சேலையில் வந்திருக்கேன்.
பட்டியலும் பென்சிலும் கட்சி குடுத்தது.
பேரெல்லாம் எனக்கு முன்னாலயே தெரியும்.

எங்க வேட்பாளர் தவசிலிங்கம்.
கருவேலங்காட்டுப் பக்கம், கரிமூட்ட வியாபாரம்.
ஜீப்புல நின்னு வந்தப்ப
நாங்க எழுதிக் குடுத்தது ஒரே வரி:
மரிக்கொழுந்துக்கு விலை வேணும்.
மைக்கைத் தட்டிட்டுச் சொன்னாரு,
'பூ விவசாயிகளுக்குக்
குளிர்பதனக் கிடங்கு கட்டித் தருவேன்.'
யாரும் சிரிக்கல.
மொதக் கைதட்டு என்னுது.
மகளிரணி.

எங்க மரிக்கொழுந்தை யாரும் தலையில வைக்க முடியாது.
நெஞ்சளவுத் தண்ணி, அதுக்குக் கீழ பாறை,
பாறையில பாசி.
விரலுக்குத் துணி சுத்தி
மூச்சைக் கட்டிக்கிட்டுப் பிடுங்கணும்.
இதை அவரு காதுல சொல்லப் போனேன்.
ஜீப்பு நகந்துருச்சு.

ஊர்க்கூட்டம் வேற முடிவு பண்ணுச்சு.
இந்தத் தடவை நம்ம ஆளு.
கடக்கரை ஆளு ஒருத்தன் போகட்டும்,
எத்தனை நாளைக்கு மேக்காட்டான்
நம்ம அலைக்குக் கணக்குச் சொல்றது?
பொய்யில்ல அது.
எனக்கும் கண்ணு கலங்குச்சு.

நம்ம ஆளுன்னா கருமலையான்,
எங்க வீட்டுக்காரருக்குச் சின்னம்மா மகன்.
படகுச் சின்னம் கேட்டான்,
குலுக்கல்ல இஸ்திரிப்பெட்டி விழுந்துச்சு,
தேச்ச சட்டை ஒண்ணுகூட இல்லாத ஊருல.
அவன்தான் எங்க பாசிக்கு ஏஜெண்டும்.
பத்துக் கிலோ தராசுல வச்சா
மூணு கிலோ ஈரக் கழிவும்பான்.
கடல்ல இருந்து வந்தது
ஈரமா இல்லாம எப்பிடிடா இருக்கும்?
நம்ம ஆளுதான். தராசும் அவனுதுதான்.

தீவுப் பக்கம் போனோம்னு
வனத்துறை எங்க ஒம்பது பேரைப் பிடிச்ச அன்னைக்கு
ஜாமீனுக்கு வந்தது கட்சி வக்கீலு.
டீக்காசுகூட வாங்கல.
சொந்தத்துல ஒருத்தனும்
கோர்ட்டு வாசலை மிதிக்கல.
அன்னையிலருந்து கொடிக்கம்பத்துக்கு
வருசா வருசம் சுண்ணாம்பு அடிக்கிறது நான்தான்.
கடன் இல்ல, கடன் மாதிரி.

பேச்சியண்ணி பேரு சொன்னா, என்னைப் பாக்கல.
சீனியம்மா பாக்கல.
முத்திருளாயி பாத்தா.
அதுக்குப் பாக்காமலே போயிருக்கலாம்.
அவ விரலுல மை வைக்க
நகமும் தோலும் சேர்ற இடம் தேடி
புரட்டிப் புரட்டிப் பாத்தாரு ஆபீசரு.
எல்லாம் வெட்டு.

நானும் போட்டேன்.
கண்ணாடிக்குள்ள சீட்டு ஏழு விநாடி நிக்கும்.
நிமிசக் கணக்குல மூச்சு அடக்குறவளுக்கு
ஏழு விநாடி ஒண்ணுமில்ல.
அப்பிடித்தான் நெனச்சேன்.
எந்தப் படம் நின்னுச்சுன்னு
வீட்டுக்காரரு கேட்டாரு, சொல்லல.
உங்களுக்கும்தான்.

சாயங்காலம் படிவத்துல கையெழுத்து.
'யாருக்கு ஏஜெண்ட்? அதையும் எழுதுங்க.'
ஊரு பேரை எழுதிட்டேன், எப்பிடியோ.
'ஊரு இல்லம்மா, வேட்பாளர் பேரு.'
அடிச்சுட்டு மேல எழுதுனேன்.
அடிச்ச கோட்டுக்குக் கீழ
ஊரு தெரியத்தான் செஞ்சுது.

அரக்கு வச்சு, வேன் ஏத்தி,
வடக்க கொண்டு போனாங்க பெட்டியை.
எண்ணும்போது எங்களுதுல
எத்தனை கழிப்பாங்களோ.

விடிகாலை வத்தம், பாசிக்குப் போகணும்.
விரலுக்குத் துணி கிழிக்கணும்.
இருக்கிறதுலயே நஞ்சது கட்சிச் சேலைதான்.
மடியில வச்சிருக்கேன்,
கரையைப் பல்லுல கடிச்சபடி.